குழியில் நட்ட கிளை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு தில்சியா எஸ்கலோனாவின் அழகு நிலையத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கடைக்காரி தில்சியா, படவேலைக் குழுவுக்குத் தலைவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வில்கெர் பார்காஸ், டயர் கடை நடத்தும் அர்ஹிமிரோ திமாவுரே, ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் அன்சோலா, கொல்மெனாரெஸ் குடும்பத்திலிருந்து மூன்று பேர், அதாவது பெனில்தே, அவருடைய தம்பி அபெலார்தோ, அபெலார்தோவின் மகள் யாஹைரா. மொத்தம் ஏழு பேர். கதவு உள்பக்கமாகத் தாழிடப்பட்டிருந்தது.

பெனில்தேவுக்கு எழுபத்தோரு வயது. பார்கிசிமெட்டோ நகரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பிறப்பு இறப்புப் பதிவேட்டை எழுதியவர். அவர் எழுதிய ஒரு வரியையும் பின்னால் வந்த எவரும் அடித்துத் திருத்தியதில்லை. அன்று தில்சியா அவருக்குக் காட்டிய இடம் தலை கழுவும் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் மல்லாந்து கூரையைத்தான் பார்க்க வேண்டும். பெனில்தே அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த மர முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தில்சியா சின்னக் கோப்பைகளில் காப்பி கொண்டுவந்தாள். வில்கெருக்கு ஒன்று, அர்ஹிமிரோவுக்கு ஒன்று, அன்சோலாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. தட்டு அதோடு காலி. வாசல் ஏறி வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் விடுவது அந்த ஊரில் மறதியால் நடப்பதில்லை. அபெலார்தோ குனிந்து தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெனில்தே தில்சியாவை நேராகப் பார்த்தார்.

“ஆரம்பிக்கலாமா?” என்று வில்கெர் மடிக்கணினியைத் திறந்தான்.

அவர்கள் செய்த வேலை இதுதான். எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனம் தானாக ஓடும் கார் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. கார் தன் மூளையாலேயே சாலையைப் புரிந்துகொள்கிறது என்று அதன் விளம்பரம் சொன்னது. அந்த மூளைக்குச் சாலையைக் காட்டிக்கொடுத்தவர்கள் இந்தத் தெருவில் இருந்தார்கள். ஆயிரக்கணக்கில் தெருப்படங்கள் வரும். படத்தில் தெரியும் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, அது ஆளா, வண்டியா, தடுப்பா, செடியா என்று பெயர் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கில் ஒருவர்தான் வேலை செய்யலாம் என்பது நிறுவனத்தின் சட்டம். அந்தச் சட்டப்படி நடந்த வீடு ஒன்றுகூட அங்கே இல்லை. கொல்மெனாரெஸ் வீட்டுக் கணக்கு அபெலார்தோ பெயரில் இருந்தது. கண்ணில் புரை விழுந்த அவர் ஆள் அடையாளத்துக்காகக் கேமராவுக்கு முகத்தைக் காட்டிவிட்டு எழுந்துவிடுவார். காலையில் யாஹைரா உட்காருவாள். பிற்பகலில் பெனில்தே. இது வில்கெருக்கும் தெரியும்.

ஐந்து கணக்குகள் சேர்ந்தது ஒரு குழு. ஒரு கணக்கில் பிழை மிகுந்தால் ஐந்தும் நின்றுவிடும். புதன்கிழமை நின்றது. அபெலார்தோவின் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில் செடிக்குத் தடுப்பு என்று பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று காரணம் வந்தது. வியாழக்கிழமைக்குள் ரொட்டிக் கடையில் பேச்சு பரவியிருந்தது: கொல்மெனாரெஸ் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்குகிறார்களாம், படத்தைப் பார்ப்பதே இல்லையாம். வெள்ளிக்கிழமை பெனில்தேவின் காதுக்கு அது வந்தது. அன்று மாலையே வில்கெருக்கு ஆள் அனுப்பி, எல்லோரையும் ஓர் இடத்தில் கூட்டு, முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்றார்.

வில்கெர் ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. கவனக்குறைவா வேலை பாத்துட்டேன், மன்னிக்கணும்னு எழுதியிருக்கு. அபெலார்தோ ஐயா கீழ ஒரு கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை எல்லாருக்கும் திறந்துடும். உங்க கணக்கு மட்டும் ஒரு மாசம் மூடியிருக்கும்.”

“கவனக்குறைவுன்னா?” என்றார் பெனில்தே.

“அது சும்மா ஒரு வார்த்தைம்மா.”

“வார்த்தைன்னு எனக்கும் தெரியும். யாரோட கவனம் குறைஞ்சது?”

“அடி ஆத்தே, கோர்ட்டு கூடிடுச்சு!” அர்ஹிமிரோ தொடையில் தட்டிக்கொண்டான். “உங்க வீட்டுக் கவனம்தான் மகாராணி. செடியைப் பாத்துத் தடுப்புன்னு போட்டா வேற என்னன்னு சொல்றது? பூனையைப் பாத்து பஸ்ஸுன்னு போடல, அதுவரைக்கும் சந்தோஷம்.”

தில்சியா சிரித்தாள். சுற்றிலும் கண்ணாடி. எல்லாக் கண்ணாடியிலும் அவளே சிரித்தாள்.

“படத்தைக் காட்டு,” என்றார் பெனில்தே.

வில்கெர் திரையைத் திருப்பினான். எந்த ஊர்த் தெரு என்று தெரியவில்லை. உச்சி வெயில், காரை பெயர்ந்த சுவர், தாழத் தொங்கும் மின்கம்பிகள். தெரு நடுவில் ஆளுயரக் கிளை ஒன்று நின்றது. இலைகள் பாதி வாடியிருந்தன. நுனியில் ஒரு சிவப்புக் கந்தல் கட்டியிருந்தது. அடியில் வட்டமாக ஓர் இருட்டு.

அது என்ன என்று அந்த அறையில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடையின் இரும்பு மூடியை எவனாவது பெயர்த்து விற்றுவிடுவான். நகராட்சி வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கிளையை ஒடித்து அந்தக் குழியில் நட்டுவிடுவார். வண்டியில் வருகிறவன் தூரத்திலேயே இலையைப் பார்த்து ஒதுங்குவான். அபெலார்தோ இருபத்தாறு வருடம் நகராட்சிச் சாலைப் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். எச்சரிக்கைக் கூம்பு கேட்டு எழுதி எழுதிச் சலித்து, ஜீப்பில் எப்போதும் ஒரு வெட்டரிவாள் வைத்திருந்தார். இந்த நகரத்தில் அவர் கையால் நட்ட கிளைகளுக்குக் கணக்கே கிடையாது.

“தில்சியா, இது என்ன?”

“கிளை.”

“எதுக்கு அங்க நிக்குது?”

“கிளைன்னா நிக்கத்தான் செய்யும். எங்கிட்ட ஏன்க்கா கேக்கறீங்க, அதையே கேளுங்க.”

“அர்ஹிமிரோ, உன் மச்சான் மோட்டார் சைக்கிளோட எங்க விழுந்தான்?”

அர்ஹிமிரோவின் முகம் மாறியது. “அதை ஏன் இப்ப இழுக்கறீங்க?”

“எங்க விழுந்தான்?”

“இருபத்தொன்பதாம் தெருவுல.”

“அந்தக் குழியில கிளை இருந்துச்சா?”

“இல்ல.”

“அடுத்த நாள் இருந்துச்சே. யார் நட்டது?”

அபெலார்தோ தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “அவன்தான் நட்டான் அக்கா. நான் வெட்டிக் கொடுத்தேன்.”

“ஆமா, நட்டேன்,” என்று அர்ஹிமிரோ வெடித்தான். “நட்டது வேர் பிடிச்சிடுச்சு. போய்ப் பாருங்க. மரமா வளந்து ரோஜா நிறத்துல பூத்து நிக்குது. கிளி வந்து உக்காருது. ஒரு நாய்க்கு அதுதான் கக்கூஸு. இப்ப சொல்லுங்க, அது செடியா, தடுப்பா?”

எல்லோரும் சிரித்தார்கள். யாஹைராவும் சிரித்ததைப் பெனில்தே கண்ணாடியில் பார்த்தார்.

“குழியை மூடிட்டாங்களா?” என்று கேட்டார்.

“எங்க மூடினாங்க?”

“அப்ப அது தடுப்புதான். பூத்திருக்கு, அவ்வளவுதான்.”

அன்சோலா ஆசிரியருக்குச் சிரிப்பு வந்து காப்பி புரையேறியது. தில்சியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த தலைமுடிச் சாய அட்டையைப் படிக்க ஆரம்பித்தார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் அதன் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு சொல் பேசவில்லை.

வில்கெர் கையேட்டைத் திறந்தான். “பதினாலாம் பக்கம். நானே படிக்கிறேன். இலை உள்ளது எதுவானாலும் செடி. போதுமாம்மா?”

“அடுத்த வரியையும் படி.”

“அது நமக்கு வேண்டாதது.”

“படி.”

“மணிக்கட்டைவிட மெலிஞ்ச செடி வழியில இருந்தா வண்டி நிக்க வேண்டியதில்ல.” கடைசிச் சொற்களை அவன் விழுங்கினான்.

“நிக்கலைன்னா வண்டி என்ன செய்யும்?”

“போகும்.”

“எங்க போகும்?”

வெளியே காய்கறி வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் வெங்காயம் விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தேயும்வரை காத்திருந்துவிட்டு தில்சியா சொன்னாள்: “அது அவங்க காரு, அவங்க பாடு. இலையைக் கேட்டாங்க, இலையைக் கொடுக்கிறோம். குழி இருக்கான்னு நம்மள யாராச்சும் கேட்டாங்களா?”

“கேக்கல. அதனாலதான் சொல்ல வேண்டியிருக்கு. வில்கெர், இந்தப் பக்கத்தை எழுதினது யாரு?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“நாம போட்டதைச் சரி பாக்கிறது யாரு?”

“அவனும் எங்கயோ நம்மள மாதிரி உக்காந்திருப்பான். ஒரு படத்துக்கு அவனுக்கு நாலு நொடி.”

“இது குழின்னு அவன்கிட்டச் சொன்னியா?”

“சொல்றதுக்கு வழி இல்லம்மா! எழுதறதுக்கு இடமே கிடையாது. சரி, தப்பு, ரெண்டே பொத்தான். எத்தனை தடவை சொல்றது?”

“நீ மோட்டார் சைக்கிள்லதானே வந்தே? மருந்துக்கடை முனையில கிளை நிக்குதே. அதுமேல ஏத்தினியா, ஒதுங்கினியா?”

“ஒதுங்கினேன்.”

“ஏன்? செடிதானே.”

வில்கெரின் காது சிவந்தது. முப்பது வயதுக்காரன். இதே பெனில்தேதான் அவன் பிறப்பைப் பதிவேட்டில் எழுதியவர். தாளை மேசையில் ஓங்கி வைத்தான்.

“உங்க பெருமையை வேக வச்சு நாங்க சாப்பிட முடியாதும்மா. நாலு வீட்டு அடுப்பை அணைச்சுட்டு வந்து இங்க என்னை விசாரிக்கறீங்க. நீங்க போட்டது சரியோ தப்போ, எனக்குத் தெரியாது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. ஒரே மாதிரி தப்பு இருந்தா அந்த மெஷின் ஒரு எச்சரிக்கையோட விட்டிருக்கும். உங்க கணக்குல காலையில கிளையைச் செடின்னு போட்டிருக்கு. மத்தியானம் அதையே தடுப்புன்னு போட்டிருக்கு. ஒரே ஆள் ஒரே பொருளுக்கு ரெண்டு பேரு. அதான் பாக்காம அமுக்கறாங்கன்னு முடிவு கட்டிடுச்சு.”

இது பெனில்தே அறியாதது. அவருடைய முதுகு நிமிர்ந்தபடியேதான் இருந்தது. ஊரார் சொன்னதற்கு ஊரில் வேர் இல்லை. தம் வீட்டுக்குள்ளேயே, தாம் உட்கார்ந்து எழுந்த அதே நாற்காலியில் இருந்திருக்கிறது.

“யாஹைரா.”

“ம்.”

“காலையில செடின்னு போட்டது நீயா?”

“கையேட்டுல அப்படித்தான் இருக்கு அத்தை.”

“அந்தக் கிளை என்னன்னு உனக்குத் தெரியாதா? உன் அப்பா ஜீப்புல உக்காந்து இதைப் பாத்துதானே நீ வளந்தே?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான். பாருங்க, நீங்க ஒரு கிளையைப் பத்தி அரை மணி நேரமாப் பேசறீங்க. எனக்கு ஒரு காலையில எண்ணூறு படம்.” அவள் குரலில் பயம் இல்லை. “நீங்க மத்தியானம் மாத்திப் போடறீங்கன்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களை உக்காரவே விட்டிருக்க மாட்டேன்.”

“பலே!” என்றான் அர்ஹிமிரோ. “குடும்பத்துல ஒருத்தருக்காவது புத்தி இருக்கு.”

அபெலார்தோ எழுந்து மேசைக்கு வந்து பேனாவை எடுத்தார். கண்புரையால் தாளை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

“போட்டுடறேன் அக்கா. ஒரு மாசம்தானே? எல்லாருக்கும் சோலி முடியட்டும்.”

“வை கீழ.”

“கவனக்குறைவு மனுஷனுக்கு வர்றதுதான்.”

“உனக்கு வந்துச்சா?”

“இல்ல.”

“எனக்கு வந்துச்சா?”

“உனக்கா!” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கு எப்படி வரும்?”

“அப்ப வராத ஒண்ணை வந்துச்சுன்னு நம்ம பேரை எழுதி ஏன் கொடுக்கணும்? அந்தக் கிளையை நட்டவன் நீ. ராத்திரி போற லாரிக்காரன் எவன்னு தெரியாமயே அவன் உசுருக்காக நட்டவன். அதெல்லாம் செடின்னு நீயே கையெழுத்துப் போடறியா?”

“கிளைக்கு ரோஷம் கிடையாது அக்கா. நட்டவனுக்கு ரத்த அழுத்த மாத்திரை வேணும்.”

பெனில்தே அவர் கையிலிருந்து பேனாவை வாங்கவில்லை. தம் கைப்பையைத் திறந்து தம்முடைய பேனாவை எடுத்தார். வில்கெர் கொண்டுவந்த தாளைக் கவிழ்த்துப் போட்டு, வெற்றுப் பக்கத்தில், பதிவேட்டில் எழுதுகிற அதே சாயாத எழுத்தில் எழுதினார். பிறகு அதை அவரே உரக்கப் படித்தார்.

“பெனில்தே கொல்மெனாரெஸ் ஆகிய நான், என் தம்பியின் கணக்கில் பிற்பகல்களில் வேலை செய்தேன். குறிப்பிட்ட இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அறிந்தே தடுப்பு என்று குறித்தேன். அந்த இடங்களில் குழிகள் உள்ளன. கிளைகளை அங்கே நட்டவர்கள் மனிதர்கள். இதில் கவனக்குறைவு இல்லை. குழுவின் மற்ற நான்கு கணக்குகளுக்கும் இதில் பங்கு இல்லை.”

அடியில் பெயரும், அடையாள எண்ணும், தேதியும் இருந்தன.

வில்கெர் தலையில் கை வைத்துக்கொண்டான். “புரிஞ்சுதான் எழுதறீங்களா? கவனக்குறைவுன்னா ஒரு மாசம். வேணும்னே செஞ்சதுன்னா ஆயுசுக்கும் மூடிடுவாங்க. கணக்குல ரெண்டாவது ஆள் உக்காந்ததையும் நீங்களே சொல்லிட்டீங்க. உங்க வீட்டுல ஒருத்தர் பேர்லயும் இனி திறக்க முடியாது.”

“மத்த நாலு வீட்டுக்கு?”

“அவங்களுக்குத் திறந்துடும்.”

“அப்ப அனுப்பு.”

“அனுப்பு வில்கெர்,” என்றாள் தில்சியா, மூச்சுக்கூட விடாமல். “அவங்களே சொல்றாங்கல்ல, அனுப்பு.”

யாஹைரா எழுந்து அத்தையின் முன்னால் வந்து நின்றாள்.

“என்னைக் கேட்டீங்களா?”

பெனில்தே பேனாவை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

“அது என் வேலையும்தானே? அப்பா மாத்திரை எதுல வருதுன்னு நினைச்சீங்க, உங்க பேர்லயா? உங்க ஓய்வூதியம் ஒரு முட்டை அட்டைக்குக் காணாது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே.”

“ஆமா, சொல்லியிருப்பேன்.”

“அதனாலதான் கேக்கல.”

யாஹைரா அத்தையை அடித்துவிடுவாள் என்று நினைத்து அன்சோலா பாதி எழுந்தார். அவள் அடிக்கவில்லை. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே போனாள். வில்கெர் தாளைப் படம் பிடித்து அனுப்பினான்.

காரியம் முடிந்ததும் தில்சியாவின் முகம் இளகிவிட்டது. உள்ளே போய் ஒரு கோப்பைக் காப்பி கொண்டுவந்து பெனில்தேவின் பக்கத்தில் வைத்தாள். “குடிங்கக்கா. சர்க்கரை போட்டிருக்கேன்.” பெனில்தே அதைத் தொடாமல் எழுந்தார். தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இருவருமாக வெயிலில் வீட்டுக்கு நடந்தார்கள். வழியில் மருந்துக்கடை முனையில் அபெலார்தோ கிளையை ஒட்டி நடந்தார். பெனில்தே அவரை ஓரமாக இழுத்தார்.

திங்கட்கிழமை நான்கு கணக்குகளும் திறந்தன. அபெலார்தோவுக்கு மூன்று வரியில் பதில் வந்தது. கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது, மேல்முறையீடு இல்லை, தங்கள் பங்களிப்புக்கு நன்றி. அதை எழுதியது ஆளா இயந்திரமா என்று வில்கெராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து யாஹைரா காலையில் தில்சியாவின் கடைக்குப் போகத் தொடங்கினாள். முடி உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். தில்சியாவின் கணக்கில் வேலை. கிளை வந்தால் செடி என்று போடுகிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து அப்பாவின் மாத்திரை அட்டையை மேசையில் வைக்கிறாள். அத்தையிடம் பேசுவதில்லை. அந்த மாத்திரை எதில் வந்தது என்று பெனில்தே கேட்பதில்லை. வேளைக்கு ஒன்றாகப் பிரித்துத் தம்பியின் கையில் கொடுக்கிறார்.

ரொட்டிக் கடையில் இப்போது கொல்மெனாரெஸ் வீட்டாரைக் கவனமில்லாதவர்கள் என்று எவரும் சொல்வதில்லை. திமிர் பிடித்த கிழவி, தம்பி மகள் சோற்றில் மண் போட்டவள் என்று சொல்கிறார்கள். பெனில்தே வரிசையில் நின்றுகொண்டே அதைக் கேட்கிறார். திரும்பிப் பார்ப்பதில்லை. அதில் திருத்த வேண்டிய சொல் ஒன்றும் இல்லை என்பது அவர் எண்ணம்.

சில மாதங்களாக வேறொரு பேச்சும் அந்தத் தெருவில் நடக்கிறது. அந்தத் தாளை நிறுவனத்தில் பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர் படித்தாராம், கையேட்டை மாற்றிவிட்டார்களாம், மன்னிப்புக் கேட்டு, திரும்ப வேலைக்கு வரச் சொல்லிப் பெனில்தேவுக்குக் கடிதம் வந்ததாம், உறையை அன்சோலா தம் கண்ணால் பார்த்தாராம். அது தவறு. கையேட்டில் ஒரு வரியும் மாறவில்லை. நிறுவனத்திலிருந்து எந்தக் கடிதமும் வரவில்லை. அன்சோலா பார்த்த உறை ஓய்வூதிய அலுவலகத்தினுடையது. பெனில்தே கொல்மெனாரெஸ் உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்டு, வருடத்துக்கு ஒரு முறை வருவது.